ப்ரீ-ராஃபேலைட் ஓவியங்கள்: 170 வருடம் கழித்தும் ஏன் இந்த ஈர்ப்பு?

கேள்வி இதுதான்: 1848-இல் லண்டனில் ஏழு இளைஞர்கள் தொடங்கி, ஐந்தாறு வருடத்தில் கலைந்துபோன ப்ரீ-ராஃபேலைட் குழுவுக்கு இன்றும் இவ்வளவு ரசிகர்கள் இருப்பது ஏன்? செம்பட்டைக் கூந்தல் பெண்களை அழகாக வரைந்தார்கள் என்பதைத் தாண்டி அதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அழகு நம்மை உள்ளே இழுக்கிறது, உண்மைதான். ஆனால் அழகான படங்கள் உலகத்தில் ஏராளம். இவர்களுடைய படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றாலும் பார்ப்பதற்கு மிச்சம் இருக்கும். ஒரு கவிதையை வரி வரியாக வாசிப்பதுபோல இந்தப் படங்களையும் வாசிக்கலாம், அப்படி வாசிப்பதற்கென்றே வரைந்தார்கள். அவர்களில் பலர் கவிஞர்களாகவும் இருந்தது தற்செயல் இல்லை. இந்த ஈர்ப்பின் வேர் அங்கேதான் என்பது என் கருத்து.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1848 செப்டம்பரில், லண்டன் கவர் தெருவில், ஜான் எவரெட் மில்லேயின் பெற்றோர் வீட்டில் இந்தக் குழு உருவானது. மில்லேக்கு வயது 19, டான்டே கேப்ரியல் ராஸெட்டிக்கு 20, வில்லியம் ஹோல்மன் ஹன்ட்டுக்கு 21. ராஸெட்டியின் தம்பி வில்லியம் மைக்கேல், தாமஸ் வுல்னர், ஜேம்ஸ் காலின்சன், ஃப்ரெடரிக் ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸ் ஆகியோரையும் சேர்த்தால் ஏழு பேர். ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்த வருடம் அது. அந்த ஏப்ரலில் வாக்குரிமை கேட்டு லண்டனில் சார்ட்டிஸ்டுகள் நடத்திய ஊர்வலத்தை மில்லேயும் ஹன்ட்டும் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள்.

இவர்களுடைய கோபமெல்லாம் லண்டனின் பெரிய ஓவியக் கல்வி நிறுவனமான ராயல் அகாடமியின் பாடமுறை மேல்தான். 11 வயதிலேயே அங்கே மாணவனாகச் சேர்ந்தவர் மில்லே. இத்தாலிய மறுமலர்ச்சிக்கால ஓவியர் ராஃபேலைத் தெய்வமாக வைத்து, நடுவில் வெளிச்சம், ஓரங்களில் இருட்டு, உருவங்களை முக்கோணமாக அடுக்குவது, மேலே பழுப்பு மெருகு என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு சூத்திரம் இருந்தது. ராஃபேலுக்கு முந்தைய இத்தாலிய ஓவியர்களிடம் இந்தச் சூத்திரம் இல்லை, கண்ணால் கண்டதை நேர்மையாக வரைந்தார்கள் என்று இந்த இளைஞர்கள் நம்பினார்கள். ப்ரீ-ராஃபேலைட், அதாவது ‘ராஃபேலுக்கு முந்தைய’ என்ற பெயர் அதனால்தான். அந்த ஓவியங்களை அவர்கள் நேரில் நிறையப் பார்த்திருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. பீஸா நகரத்துக் கல்லறை மண்டபச் சுவரோவியங்களைப் பிரதியெடுத்த அச்சுப் படங்கள் கொண்ட ஒரு தொகுப்பைத்தான் மில்லே வீட்டில் உட்கார்ந்து புரட்டினார்கள். அந்த அரைகுறைத் தகவலே போதுமானதாக இருந்தது. வயது அப்படி.

இனி ஒரு படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மில்லேயின் ‘ஒஃபீலியா’, 1851-52. லண்டன் டேட் பிரிட்டன் காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் ஒரு மீட்டரைவிடச் சற்று அதிகம், உயரம் முக்கால் மீட்டர். போஸ்டர்களில் பார்த்துப் பழகியவர்கள் இதைப் பெரிய படமாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள், நேரில் சிறியதுதான். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டில் ஒஃபீலியா ஆற்றில் மூழ்குவது மேடையில் நடப்பதில்லை, அரசி வந்து சொல்லும் செய்தியாகத்தான் வருகிறது. சொல்லாக மட்டும் இருந்த அந்தக் காட்சியை மில்லே கண்ணுக்குக் கொண்டுவந்தார்.

எப்படிக் கொண்டுவந்தார் என்பதுதான் விசேஷம். அந்தக் காலத்து வழக்கப்படி ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து ஒரு ஆற்றைக் கற்பனை செய்யவில்லை. சர்ரே பகுதியில் ஹாக்ஸ்மில் என்ற சிற்றாற்றின் கரைக்குப் போனார். 1851 கோடையில் தொடங்கிக் குளிர்காலம் எட்டிப்பார்க்கும் வரை, ஒரு குடையின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாளுக்கு 11 மணி நேரம் வரை கரையை மட்டும் வரைந்தார். ஈக்கள் கடித்தன. வயலில் அத்துமீறி நுழைந்து வைக்கோலை மிதித்ததாக வழக்குப் போடுவோம் என்ற மிரட்டல் வேறு. காற்று தன்னை ஆற்றிலேயே தள்ளிவிடும் போலிருக்கிறது என்று ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார். இத்தனையும் பின்னணிக்காக! முதலில் பின்னணியை முடித்து, அப்புறம் உருவத்தைச் சேர்ப்பது அன்றைக்குத் தலைகீழான முறை.

உருவத்துக்கு மாடலாக இருந்தவர் எலிசபெத் சிடால், தொப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண். நான்கு பவுண்டுக்கு வாங்கிய பழைய பூவேலைப்பாட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு, குளிர்காலத்தில், கவர் தெரு வீட்டில் தண்ணீர் நிரம்பிய குளியல் தொட்டியில் படுத்துக் கிடந்தார். தண்ணீர் சில்லிடாமல் இருக்கத் தொட்டியின் அடியில் விளக்குகள் எரிந்தன. ஒருநாள் அவை அணைந்துபோயின. வரைவதில் மூழ்கியிருந்த மில்லே கவனிக்கவில்லை, சிடாலும் வாய் திறக்கவில்லை. கடும் சளி பிடித்தது. மருத்துவச் செலவைக் கொடுக்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்று அவருடைய அப்பா எழுதினார்.

இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடுவார்கள். படத்துக்குத் திரும்புங்கள். வில்லோ மரம், காஞ்சொறி, டெய்சி எல்லாம் நாடகத்திலேயே வருபவை. கழுத்தில் ஊதாநிற வயலெட் மாலை கற்பைச் சொல்கிறது. கைக்குப் பக்கத்தில் மிதக்கும் சிவப்புப் பாப்பி ஷேக்ஸ்பியரிடம் இல்லாதது. உறக்கத்தையும் மரணத்தையும் குறிக்க மில்லே தானாகச் சேர்த்தது. சங்கப் பாடலில் உள்ளுறை தேடிப் பழகிய கண்ணுக்கு இந்த வாசிப்பு உடனே பிடிபடும். இன்னொன்று: மாதக்கணக்கில் அதே கரையில் உட்கார்ந்து வரைந்ததால், வெவ்வேறு பருவங்களில் பூக்கும் பூக்கள் ஒரே படத்தில் ஒன்றாக மலர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பூவும் தாவரவியலுக்குச் சரியானது, ஆனால் அப்படியொரு நாள் இயற்கையில் வரவே வராது. படத்தில் இருக்கும் அந்த விநோதமான அமைதிக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வண்ணம் ஏன் இப்படி ஒளிர்கிறது என்றும் பலர் கேட்பார்கள். அன்றைய ஓவியர்கள் பெரும்பாலும் பழுப்பான அடிப்பூச்சின் மேல் வரைந்தார்கள், அதனால் படமே மங்கிப்போகும். இவர்கள் அடிப்பூச்சுக்கு வெள்ளை. சில இடங்களில் அன்றன்றைக்கு வரையப்போகும் சிறு பகுதிக்கு மட்டும் புதிதாக வெள்ளை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சிறு தூரிகையால் மெல்லிய வண்ணத்தை மேலே வைத்தார்கள். ஒளி வண்ணத்துக்குள் போய், அடியில் இருக்கும் வெள்ளையில் பட்டுத் திரும்புகிறது. தப்பு செய்தால் திருத்துவது கடினம், நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு நாணயத்தின் அளவுக்குத்தான் நகரும். பிற்பாடு பிள்ளைகுட்டிக்காரரான மில்லே, இந்த வேகத்தில் போனால் வீட்டுச் செலவு கட்டாது என்று சொல்லித்தான் தன் பாணியைத் தளர்த்தினார். 1896-இல் அதே ராயல் அகாடமிக்குத் தலைவராகி, அந்த வருடமே இறந்தார்.

இந்தப் படங்களில் முகத்துக்கு என்ன கவனமோ அதே கவனம் காஞ்சொறி இலைக்கும் உண்டு. அன்றைய விமர்சகர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை, எல்லாமே கத்துகிறது என்றார்கள். 1850-இல் மில்லே காட்சிக்கு வைத்த ‘பெற்றோர் வீட்டில் கிறிஸ்து’ படத்துக்கு வந்த எதிர்ப்பை இப்போது படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு தச்சுப் பட்டறை, தரையெல்லாம் மரச்சீவல், கையில் ஆணி குத்திய ஒரு சிறுவன், அவன் முன்னால் மண்டியிட்ட அம்மா. யோசேப்பின் கை ஒரு நிஜத் தச்சரின் கையைப் பார்த்து வரைந்தது, நரம்பு புடைத்திருக்கும். சார்லஸ் டிக்கன்ஸ் தன் வார இதழில் இதைக் கண்டபடி திட்டினார், மரியாளின் முகம் சகிக்க முடியாத அவலட்சணம் என்றார். ஏழைகளைப் பற்றி அவ்வளவு எழுதியவருக்கு ஏழையாக இருக்கும் புனிதக் குடும்பத்தைப் பார்க்க முடியவில்லை. சலசலப்பைக் கேள்விப்பட்ட விக்டோரியா மகாராணி படத்தைத் தன்னிடமே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வருடம் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதிய கடிதங்கள்தான் இவர்களைக் காப்பாற்றின.

ஹன்ட்டின் ‘விழித்தெழும் மனசாட்சி’ படத்தில் இந்த வாசிக்கும் தன்மை உச்சத்துக்குப் போகிறது. 1853-இல் வரைந்தது. ஒரு பணக்காரன் தன் ஆசைநாயகிக்கு எடுத்துக்கொடுத்த வீடு. அவன் பியானோ முன்னால் பாடிக்கொண்டிருக்கிறான், அவள் அவன் மடியிலிருந்து திடீரென்று எழுகிறாள். அவ்வளவுதான் காட்சி. இப்போது சுற்றிப் பாருங்கள். அவளுடைய எல்லா விரல்களிலும் மோதிரம், திருமண மோதிரம் போடும் விரலில் மட்டும் இல்லை. மேசைக்கு அடியில் ஒரு பூனை பறவை ஒன்றைப் பிடித்து விளையாடுகிறது. தரையில் வீசப்பட்ட அழுக்குக் கையுறை, முடிக்காத பூவேலையின் சிக்குண்ட நூல். பியானோவில் இருப்பது பழைய நாட்களை நினைத்து ஏங்கும் பாட்டு. பின்னால் இருக்கும் கண்ணாடியில் வெளியே வெயிலில் மின்னும் தோட்டம் தெரிகிறது, அவள் பார்ப்பது அதைத்தான். அந்த வீட்டுச் சாமான்கள் எல்லாம் பளபளவென்று புத்தம் புதிதாக இருப்பதே ஒரு துயரம் என்று ரஸ்கின் எழுதினார். புழங்கிய வீட்டில் எதுவும் அப்படிப் புதிதாக இருக்காது, அல்லவா? முதலில் ஹன்ட் வரைந்திருந்த அவள் முகத்தில் இருந்த வேதனையை, படத்தை வாங்கியவரால் தினமும் பார்க்க முடியவில்லை. கேட்டுக்கொண்டு மாற்றி வரையச் செய்தார்.

ஹன்ட்டின் பிரசங்கத் தொனி சிலருக்கு அலுக்கும், எனக்கும் சில படங்களில் அலுக்கிறது. ஆனால் கதவைத் தட்டும் கிறிஸ்துவை வரைந்த ‘உலகின் ஒளி’ எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்று பாருங்கள். அதன் பெரிய பிரதி 1905 முதல் 1907 வரை கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா எல்லாம் சுற்றிவந்தது. அச்சுப் படமாக வீட்டுச் சுவர்களில் அது தொங்கிய இடங்களுக்குக் கணக்கே கிடையாது. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை, உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும். படிக்காதவரும் வாசித்துவிடக்கூடிய படம்.

சரி, கவிதைக்கு வருவோம். 1850-இல் இவர்கள் ‘தி ஜெர்ம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். கவிதை, கதை, கட்டுரை, செதுக்குப் படம் எல்லாம் கலந்து நான்கே இதழ்கள், விற்பனை இல்லாமல் நின்றுபோனது. ஓவியர்களே நடத்திய பத்திரிகை என்பது அப்போது அபூர்வம். ராஸெட்டி 18-19 வயதில் எழுதிய ‘ஆசி பெற்ற நங்கை’ அதில்தான் வந்தது. சொர்க்கத்தின் விளிம்பில் சாய்ந்து நின்று பூமியில் இருக்கும் காதலனுக்காக ஏங்கும் பெண்ணைப் பற்றிய கவிதை. பல வருடம் கழித்து அதையே அவர் ஓவியமாகவும் வரைந்தார்.

ராஸெட்டிக்கு இரண்டும் ஒரே வேலை. 1874-இன் ‘ப்ராஸர்பைன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதாள உலகத்தின் அரசி, கையில் கடித்த மாதுளை, பின்னால் சுவரில் மேலுலகத்திலிருந்து வந்து விழுந்த ஒரு கீற்று வெளிச்சம். படத்தின் மேல் மூலையில் இத்தாலிய மொழியில் பதினான்கு வரிக் கவிதை, சட்டகத்தில் அதன் ஆங்கில வடிவம். கவிதையைப் படிக்காமல் படத்தைப் பார்த்தால் ஒரு சோகமான அழகிதான் தெரிவாள். படித்துவிட்டுப் பார்த்தால் அந்த வெளிச்சக் கீற்றுதான் முதலில் கண்ணில் படும். மாடலாக இருந்தவர் ஜேன் மோரிஸ், ராஸெட்டியின் நண்பரின் மனைவி. ராஸெட்டி அவரைக் காதலித்தார் என்பது தெரிந்த கதை, அதை நான் நீட்டப்போவதில்லை.

இந்தக் குழுவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் காதல் கதைகளிலேயே சுற்றுகிறார்கள். சிடாலை ராஸெட்டி 1860-இல் மணந்தார். 1862-இல் ஓபியம் கலந்த மருந்தை அளவுக்கு மீறிக் குடித்து சிடால் இறந்தார். தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியை ராஸெட்டி அவருடைய சவப்பெட்டியிலேயே வைத்துப் புதைத்தார், 1869-இல் ஹைகேட் கல்லறையைத் தோண்டித் திரும்ப எடுக்கச் செய்து, அடுத்த வருடம் அச்சிட்டார். மறக்க முடியாத கதைதான். ஆனால் இந்தக் கதை சிடாலை வெறும் முகமாக்கிவிடுகிறது, அதுதான் எனக்கு வருத்தம். அவர் தானே ஓவியர். ரஸ்கின் அவருடைய வேலையைப் பார்த்து வருடத்துக்கு 150 பவுண்டு கொடுக்க முன்வந்தார். 1857-இல் இந்தக் குழுவினர் நடத்திய கண்காட்சியில் பங்கெடுத்த ஒரே பெண் அவர்தான். கவிதையும் எழுதினார். ஒரு கவிதையில் பேசுபவன் ஒரு ஆண்: என் தலைவியின் ஆன்மாவைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவள் புன்னகையை வணங்குகிறேன், அழகு போனபின் அவள் என்ன ஆனால் எனக்கென்ன என்கிறான். அதை எழுதியது யார் என்று நினைத்துக்கொண்டு ‘ஒஃபீலியா’வை மறுபடி பாருங்கள்.

இதையே இன்னொரு பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தார். ராஸெட்டியின் தங்கை கிறிஸ்டினா. 1856-இல் எழுதிய ஒரு கவிதையில், ஓவியனின் அறையில் எல்லாப் படங்களிலிருந்தும் ஒரே முகம் எட்டிப்பார்க்கிறது என்கிறார். அரசியாக, பெயரில்லாத பெண்ணாக, புனிதையாக, தேவதையாக, எல்லாம் அவளே. இரவும் பகலும் அவள் முகத்தை அவன் தின்கிறான். அவள் எப்படி இருக்கிறாளோ அப்படி வரையவில்லை, அவன் கனவை அவள் எப்படி நிரப்புகிறாளோ அப்படி வரைகிறான். இந்த இயக்கத்தின் மேல் வைக்கப்பட்ட மிகக் கூர்மையான விமர்சனம் அந்த வீட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. இந்தக் கவிதை அச்சானது கிறிஸ்டினா இறந்தபின், 1896-இல்.

கிறிஸ்டினாவின் ‘பூதச் சந்தை’ 1862-இல் வந்தது. அண்ணன் அதற்குப் படம் வரைந்தார். பூதங்கள் கூவிக் கூவிப் பழம் விற்கின்றன: ஆப்பிள், எலுமிச்சை, செர்ரி, முலாம்பழம், அத்தி என்று ஆரம்பமே நாக்கில் நீர் ஊறவைக்கும் பட்டியல். காசில்லாத லாரா தன் பொன்னிறக் கூந்தலில் ஒரு கொத்தைக் கொடுத்துப் பழம் தின்கிறாள். அப்புறம் அந்தப் பழம் அவள் கண்ணுக்கு அகப்படவே இல்லை, ஏங்கி ஏங்கி வாடுகிறாள், முடி நரைக்கிறது. சகோதரியைக் காப்பாற்ற லிஸ்ஸி ஒரு வெள்ளிக் காசோடு போகிறாள். பூதங்கள் பழத்தை அவள் வாயில் திணிக்கப் பார்க்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்கிறாள். முகமெல்லாம் சாறு வழிய வீட்டுக்கு ஓடிவந்து, என்னை முத்தமிடு, இந்தச் சாற்றை உறிஞ்சு என்று அவளிடம் முகத்தை நீட்டுகிறாள். குழந்தைக் கதையா, ஆசையைப் பற்றியதா, மீட்பைப் பற்றியதா, சந்தைப் பொருளாதாரத்தைப் பற்றியதா? இன்றைக்கும் வாசகர்கள் சண்டை போடுகிறார்கள். இதன் ஏறி இறங்கும் யாப்பு ரஸ்கினுக்குப் பிடிக்கவில்லை, முதலில் ஒழுங்கான சந்தத்தில் எழுதிப் பழகட்டும் என்றார். ஓவியத்தில் இவர்களைச் சரியாக இனம்கண்டவர் கவிதையில் கோட்டைவிட்டார்.

மாடல்களில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஃபேனி ஈட்டன், ஜமைக்காவில் பிறந்து லண்டனில் வீட்டு வேலை செய்த பெண். சிமியன் சாலமன் 1860-இல் அவரை மோசேயின் தாயாக வரைந்தார். வேறு சிலரும் வரைந்தார்கள். சமீப காலத்தில்தான் இவர்மேல் வெளிச்சம் விழுகிறது. மேரி ஸ்பார்டாலி ஸ்டில்மன், எவலின் டி மார்கன் போன்ற பெண் ஓவியர்களும் அப்படித்தான்.

குழு கலைந்தபின் வந்த இரண்டாம் தலைமுறைதான் இந்த ரசனையை வீட்டுக்குள் கொண்டுபோனது. வில்லியம் மோரிஸும் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸும் 1857-இல் ராஸெட்டியோடு ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மண்டபத்தில் சுவரோவியம் வரைந்தார்கள். சுவரைத் தயார்செய்யாமல் சுண்ணாம்பின் மேலேயே வரைந்ததால் அது சீக்கிரமே மங்கிவிட்டது. ஆனால் 1861-இல் இவர்கள் தொடங்கிய நிறுவனம் நிலைத்தது: வால்பேப்பர், கண்ணாடி ஜன்னல், துணி. தன் தோட்டத்தில் பறவைகள் ஸ்ட்ராபெரி திருடுவதைப் பார்த்து மோரிஸ் 1883-இல் வடிவமைத்த ‘ஸ்ட்ராபெரி திருடன்’ துணியை இன்றும் திரைச்சீலையாகவும் கைப்பையாகவும் பார்க்கலாம். முதலில் துணி முழுதும் அவுரி நீலம் ஏற்றி, பிறகு வேண்டிய இடத்தில் நீலத்தை வெளுத்து, அங்கே சிவப்பும் மஞ்சளும் அச்சிடுவது அதன் முறை. நாள்கணக்கில் எடுக்கும் வேலை, விலையும் அதற்கேற்ப அதிகம். எல்லோருக்கும் கலை என்று பேசிய சோசலிசவாதிக்குக் கடைசிவரை இது உறுத்தலாகவே இருந்தது.

இங்கே நமக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. மோரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகம் 1896-இல் பர்ன்-ஜோன்ஸின் 87 படங்களோடு இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாஸரின் படைப்புகளை அச்சிட்டது. அந்தப் புத்தகம் அச்சான அதே கையச்சு இயந்திரத்தில்தான், கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கைவினைகளைப் பற்றிய தன் பெரிய நூலை 1908-இல் அச்சிட்டார். கைவினைஞர் மேல் அவருக்கிருந்த மதிப்பில் மோரிஸின் பங்கு பெரியது.

முதல் உலகப் போருக்குப் பின் இவை எல்லாமே பழைய பாட்டியின் வரவேற்பறைச் சாமான் ஆகிவிட்டன. விலை விழுந்தது, பல படங்கள் கிடங்குக்குப் போயின. பர்ன்-ஜோன்ஸ் சாகும்வரை வரைந்துகொண்டிருந்த பிரம்மாண்டமான ‘ஆவலானில் ஆர்தரின் இறுதி உறக்கம்’ 1963-இல் புவெர்ட்டோ ரிக்கோவின் பான்ஸே அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பிடித்துவைத்துக்கொள்ள இங்கிலாந்தில் அப்போது யாருக்கும் அக்கறை இல்லை. 1960-களில் இளைஞர்கள் மறுபடி கண்டெடுத்தார்கள், 1984-இல் டேட் நடத்திய பெரிய கண்காட்சியோடு ஆய்வாளர்களும் திரும்பி வந்தார்கள்.

எல்லாமே நிலைக்கும் என்று நான் சொல்லவில்லை. ராஸெட்டியின் கடைசிக்காலப் பெண் முகங்கள் பல ஒரே அச்சில் வார்த்தவை, கிறிஸ்டினா சொன்னது அங்கே அப்படியே பொருந்தும். ஹன்ட்டின் ‘பலியாடு’ சாக்கடலோரம் போய் வெயிலில் வாடி வரைந்தது, உழைப்புக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் சிபாரிசு: வாழ்க்கை வரலாறுகளைத் தள்ளிவையுங்கள். முதலில் ‘பூதச் சந்தை’யை உரக்கப் படியுங்கள், அரை மணி நேரம் போதும். அப்புறம் ‘ஒஃபீலியா’வின் உயர்தரப் படத்தை இணையத்தில் திறந்து, முகத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டு, இடது பக்கக் கரையிலிருந்து பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வில்லோ கிளையில் ஒரு ராபின் குருவி உட்கார்ந்திருக்கும். நாடகத்தில் ஒஃபீலியா சித்தம் கலங்கிப் பாடும் ஒரு வரியிலும் ராபின் வரும். அதற்கு அடுத்ததாக ‘விழித்தெழும் மனசாட்சி’. லண்டன் போக வாய்ப்பிருந்தால் டேட் பிரிட்டனில் இரண்டையும் பார்க்கலாம், ஆனால் சில சமயம் வேறு காட்சியகங்களுக்குக் கடன் கொடுத்திருப்பார்கள், சுவரில் இருக்கிறதா என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். பெரிய தொகுப்பு வேண்டுமென்றால் பர்மிங்காம் அருங்காட்சியகம், அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு டெலவேர் கலை அருங்காட்சியகம்.